கல்லில் காலத்தைப் படித்த ஆசிரியர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு குடைவரைக் கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிப் பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் இதனை எடுத்ததாக, 7ஆம் நூற்றாண்டின் மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் கூறுகிறான். தளவானூரிலும், திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையிலும் பல்லவர் குடைவரைகள் உண்டு. அவ்வழியே அடிக்கடி செல்லும் நம்மில் எத்தனை பேர் அவற்றை நின்று நோக்கியிருக்கிறோம்?

பல்லவர் கலையை அவ்வாறு ஊன்றி நோக்கியவர்களுள் ஒருவர் புதுச்சேரிக் கல்லூரியில் பணியாற்றிய பிரெஞ்சு ஆசிரியர் ழுவோ-துப்ரேய் (1885–1945). எகிப்தில் பிளின்டர்ஸ் பெட்ரி மண்பாண்டங்களின் வடிவ மாற்றத்தை வரிசைப்படுத்திக் காலத்தைக் கணித்தார். நம் நாட்டில் இவர் கோயில் உறுப்புகளை அவ்வாறு ஆராய்ந்தார். சிற்ப உறுப்புகளின் பெயர்களைத் தமிழ் ஸ்தபதிகளிடமே கேட்டறிந்தார். தூணின் மேலுள்ள போதிகை பல்லவர் காலத்தில் வளைந்திருந்தது. சோழர் காலத்தில் கோணம் பெற்றது. விசயநகர காலத்தில் மொட்டாகத் தொங்கிற்று. பின்னர் வாழைப்பூ வடிவாயிற்று. ஆகவே கல்வெட்டு இல்லாத கோயிலும் தன் வயதைத் தானே உரைக்கும். இம்முறையை அவரது நூல் 1914இல் உலகிற்கு விளக்கிற்று.

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் சிறுவர் பொறுக்கிய மணிகளும் அவர் கவனத்தை ஈர்த்தன. 1937இல் உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் தலை எனக் கருதப்பட்ட உருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்று கிடைத்தது. நம் ஆண்டவர் பிறந்த காலத்துப் பேரரசர் அவரே அன்றோ! 1941 முதல் மறைப்பணியாளர் ஃபோஷே அடிகளாரும் சுர்லோ என்பவரும் அங்கு அகழ்ந்தனர். 1945இல் மார்ட்டிமர் வீலர் இத்தாலியச் செந்நிறப் பாண்டத் துண்டுகளைக் கொண்டு மண்ணடுக்குகளின் காலத்தை வரையறுத்தார். உரோமை வணிகத்திற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆயின் வீலர் அகழ்ந்தபோது பல சுவர்களில் செங்கற்கள் இல்லை, முன்னரே பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. சுவரோடு அது கூறவேண்டிய வரலாறும் போயிற்று. மண்ணடுக்கிலிருந்து பிரிந்த ஓடு, பக்கம் கிழிந்த ஏடு போன்றது.

கிணறு தோண்டுகையிலோ ஏர் உழுகையிலோ தாழியோ மணியோ தென்படின், அதனைக் கலைக்காமல் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ அறிவிப்போமாக. குடைவரைத் தூண்களில் பெயர் கிறுக்கலாகாது என நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக. அயல்நாட்டார் ஒருவர் அன்போடு கற்ற பாடத்தை, அதன் உரிமையாளராகிய நாம் அழியவிடலாமா?