பழைய லாரி இஞ்சினுக்குப் பிஸ்டன் தெரிந்தெடுக்கும் முறை

விளைபொருள்களைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல வைத்திருக்கும் பழைய பெட்ரோல் லாரியின் இஞ்சின் தேய்ந்து, எண்ணெய் குடித்து, நீலப் புகை விடத் தொடங்கினால், அதனை இறக்கிச் சிலிண்டர்களைக் கடைந்து பெருக்கிப் புதுப் பிஸ்டன்கள் போடுவது வழக்கம். அச்சமயத்தில், "எப்படியும் புதிது வாங்குகிறோம், அழுத்தம் கூடிய பிஸ்டனாகப் போட்டுவிட்டால் வண்டி பாரத்தோடு மேடேறும்" என்னும் எண்ணம் சொந்தக்காரருக்கு உண்டாவது இயல்பே. பட்டறைக்காரரும் பெரும்பாலும் அதற்கு இசைவர். இவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று. ஆயினும், கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது பிஸ்டன் மட்டுமன்று. அதற்குக் கீழே இருக்கும் பேரிங்குகளும் ஆகும் என்பதை அநேகர் கவனிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, 1937 முதல் 1953 வரை செவ்ரோலே லாரிகளில் பெரிதும் வழங்கிய 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சினைக் கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் 1954 வரை பம்பாயில் செவ்ரோலே வண்டிகளைப் பூட்டி விற்று வந்தமையால், இவ்வண்டிகள் இந்நாட்டிலும் நன்கு அறிமுகமானவை. இதன் சிலிண்டர் விட்டம் 3½ அங்குலம். பிஸ்டன் ஓட்டம் 3¾ அங்குலம். 1940-களில் வந்தவற்றில் அழுத்த விகிதம் 6.5 ஆகும்.

அழுத்த விகிதம் என்பது யாதெனில், பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதன்மேல் உள்ள மொத்த இடத்தை, அது உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்து வரும் எண். மேற்படி இஞ்சினில் ஒரு பிஸ்டன் கடக்கும் இடம் ஏறக்குறைய 591 கன சென்டிமீட்டர். விகிதம் 6.5 ஆனால் உச்சியில் எஞ்சும் இடம் 107.5 கன சென்டிமீட்டர் ஆகிறது. இவ்வெஞ்சிய இடமே எல்லாவற்றையும் தீர்மானிப்பது. ஹெட்டிலுள்ள குழிவு, காஸ்கெட்டின் கனம், பிஸ்டன் தலையின் வடிவம், அத்தலை நிற்கும் உயரம் ஆகிய நான்கும் அதில் அடங்கும்.

சிலிண்டரை 40 ஆயிரத்திலொரு அங்குலம் பெருக்கி, பழைய வடிவத்துப் பிஸ்டனையே பெரிய அளவில் போட்டால், கடக்கும் இடம் 605 கன சென்டிமீட்டர் ஆகி, விகிதம் தானாகவே 6.6-க்குச் சற்று மேல் ஏறும். இது தீங்கற்ற உயர்வு. 7.5 வேண்டுமாயின் எஞ்சிய இடத்தில் மேலும் 14.5 கன சென்டிமீட்டர் குறைத்தாக வேண்டும். ஹெட்டைச் சீவியே இதனைச் செய்வதானால், குழிவின் வாய் சிலிண்டர் அளவே இருப்பதாகக் கொண்டாலும், 2¼ மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டிவரும். பழைய வார்ப்பில் அவ்வளவு எடுப்பது அபாயம். ஆகவே தலை உயர்ந்த பிஸ்டன் தேடுகிறார்கள்.

இதனால் கிடைக்கும் இலாபம் எவ்வளவு? கணக்கின்படி 6.5-லிருந்து 7.5-க்கு உயர்த்தினால் அதே பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு வேலை மிகும், 7.5-லிருந்து 8.5-க்கு உயர்த்தினால் மேற்கொண்டு 4 பங்குதான். நடைமுறையில் இவ்வளவும் கைக்கு வருவதில்லை. ஆனால் 6.5-லிருந்து 8.5-க்குப் போகும்போது, தீப்பொறிக்கு முன்னரே சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் நூற்றுக்கு 40 அளவு கூடிவிடும். வரவு சிறிது, பாரம் பெரிது.

அப்பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்போம். 216 இஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் தனியாகக் கழற்றும் ஷெல் பேரிங் இல்லை; ஒயிட் மெட்டலை ராடிலேயே உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பர். தேய்மானத்தை ஷிம் தகடுகளை எடுத்துச் சரிசெய்வர். அன்றியும், கிராங்க் ஷாப்டின் முதன்மைப் பேரிங்குகளுக்கு எண்ணெய் பம்பிலிருந்து அழுத்தத்தோடு செல்ல, ராடுகளுக்கோ அடியிலுள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு எண்ணெயை மொண்டு கொடுக்கிறது. வேகம் கூடும்போது குழாய்களிலிருந்து பீச்சும் எண்ணெயும் அக்கரண்டியில் வந்து விழும். நிதானமாய் ஓட்டினால் இம்முறை நெடுங்காலம் உழைக்கும். மெதுவான ஓட்டத்தில், முழுப் பாரத்தில், அழுத்தம் மிகுந்து அடித்தால் எண்ணெய்ப் படலம் கிழிந்து ஒயிட் மெட்டல் நசுங்கி உதிரும். 1953-54-இல் 235 கன அங்குல இஞ்சினில் விகிதத்தை 7.5 ஆக்கியபோது, கம்பெனியார் ராடுகளுக்கும் அழுத்த எண்ணெயும் ஷெல் பேரிங்குகளும் வைத்தே ஆக்கினர். செய்தவர்களே கீழ்ப்பாகத்தை மாற்றிய பின்னர்தான் மேற்பாகத்தில் கை வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகையால் ஊற்றிய பேரிங் உள்ள 216 இஞ்சினுக்கு 6.5 முதல் 7 வரை போதுமானது. அதற்கு மேல் வேண்டுவோர் பிஸ்டனுக்குச் செலவிடும் பணத்தை 1954-க்குப் பிற்பட்ட முழு அழுத்த எண்ணெய் இஞ்சின் ஒன்றைத் தேடுவதில் செலவிடுதல் சிலாக்கியம். கரும்பு வெட்டி வயலோரம் காய்ந்துகொண்டிருக்கையில் ராடு உடைந்து லாரி நின்றுவிட்டால், ஒரு நாளில் இழக்கும் எடையும் சாறும் ஆண்டு முழுவதும் பெட்ரோலில் மிச்சப்படுத்தியதைக் கொண்டுபோய்விடும்.

எரிபொருளைப் பொறுத்தமட்டில் இன்று நிலைமை பழைய காலத்தைவிட மேலானது. இந்தியாவில் விற்கும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் 95. எனவே 7 என்னும் விகிதத்தில் பெட்ரோலினால் தட்டல் உண்டாகும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. தட்டல் என்பது, பற்றிய தீ பரவி வருவதற்குள் மூலையில் நெருக்குண்ட கலவை தானே வெடிப்பது. கோடையில் பாரமேற்றி, உயர்ந்த கியரிலேயே இஞ்சினை இழுக்கவிட்டால் அது எளிதில் உண்டாகும். டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள ஆக்டேன் திருகைச் சிறிது பின்னுக்குத் திருப்பினால் அடங்கும். உதகமண்டலம் போன்ற 2,200 மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்காற்பங்குக்குச் சற்றே மேலாதலின், அங்கே தட்டாத இஞ்சின், உருளைக்கிழங்கு மூட்டையோடு மேட்டுப்பாளையம் இறங்கியபின் தட்டுவதுண்டு. சமவெளியில் ஓட்டிப் பார்த்தே திருகை நிலைநிறுத்துக.

எத்தனாலில் பிராணவாயு கலந்திருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை இளைத்து இஞ்சின் சூடேறும். ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்குதலும், பழைய ரப்பர், தக்கை உறுப்புக்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுதலும் அவசியம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஈயத்தின் காப்பு இன்மையால், ஹெட் பட்டறையில் இருக்கும்போதே புகைபோக்கி வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையங்கள் பொருத்திவிடலாம்.

இனிப் பிஸ்டனின் உலோகம். 216-க்கு ஆதியில் வந்தவை வார்ப்பிரும்புப் பிஸ்டன்கள். அலுமினியப் பிஸ்டன் கிடைக்குமாயின் அதுவே மேல். எடை குறைவாதலால் ராடு பேரிங்கின் மீது இழுப்புக் குறையும். சூட்டையும் விரைவில் கடத்தும். வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள இஞ்சினில் ஆறு பிஸ்டன்களும் ஒரே எடையாக இருந்தால் போதும். இலேசானவற்றைப் போட்டதால் சமநிலை கெடாது. ஆனால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இருமடங்கு அளவு விரிவது. பழைய பிஸ்டனுக்கு விட்ட இடைவெளியையே இதற்கும் விட்டால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன்களை முதலில் வாங்கி, அவற்றைச் செய்தவர் குறித்த இடைவெளியைப் பார்த்த பின்னரே சிலிண்டரைக் கடையக் கொடுக்க வேண்டும். அநேகர் இதனைத் தலைகீழாய்ச் செய்கின்றனர்.

பின் துளையின் நடுவிலிருந்து தலை வரையுள்ள உயரத்தையும் பழைய பிஸ்டனோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். பெட்டியின் மேல் சரியான பெயர் இருந்தும் உயரம் வேறுபடுவதுண்டு. 1 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 6.4 கன சென்டிமீட்டர் இடம் கூடி, விகிதம் 6.6-லிருந்து 6.3-க்கு இறங்கிவிடும். உயர்ந்தாலோ தலை வால்விலோ ஹெட்டிலோ இடிக்கலாம். பிஸ்டன் தலையில் பிசைந்த களிமண் வைத்து, காஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால், களிமண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே இடைவெளி தெரியும்.

எஞ்சிய இடத்தை நேரே அளப்பதும் கடினமன்று. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அதன் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவி, ஹெட்டை இறுக்கி, இரு வால்வுகளும் மூடியிருக்கையில், பிளக் துளை மேல்நோக்கும்படி இஞ்சினைச் சாய்த்து, அளவுக் கண்ணாடியிலிருந்து மெல்லிய எண்ணெயைத் துளையின் அடி மரை வரை ஊற்றுக. சென்ற அளவே எஞ்சிய இடம். ஆறு சிலிண்டரிலும் இவ்வளவு ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும். அளந்தபின் எண்ணெயையும் கிரீஸையும் நன்றாகத் துடைத்துவிடுக. ரிங்குகளைச் சிலிண்டரில் தனியே செருகி, வாய் இடைவெளி 10 முதல் 14 ஆயிரத்திலொரு அங்குலம் உள்ளதா என்று பார்த்த பின்னரே பிஸ்டனில் பூட்டலாம். வண்டி 500 மைல் ஓடும் வரை பாதிப் பாரம் ஏற்றி, அதன்பின் எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்துக்கொள்க.