கோழிக் கொட்டகை விளக்குக்கு வாட் பார்க்கலாமா?

அடையாறு கடைவீதியில் வாங்கினாலும் நாமக்கல்லில் வாங்கினாலும் பல்பின் அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம். லூமன் என்பது அது தரும் வெளிச்சம். சோதனைக் கூடத்தில் அளந்து அறிவது. பண்ணையாளருக்கு வேண்டியது லூமன் கணக்கே.

முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் தேவை. நம் நாட்டில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். மீதி 4 மணி நேரத்தை விளக்கால் ஈடுகட்ட வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் முட்டை குறையும். மிகுந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும்.

குண்டு பல்புக் காலத்தில் 4 சதுர அடிக்கு 1 வாட் என்று கணக்கிட்டனர். 100 அடி நீளம், 20 அடி அகலமுள்ள ஆழ்கூளக் கொட்டகைக்கு அது 500 வாட். அதே 500 வாட்டுக்கு எல்.இ.டி. பல்பு மாட்டினால் வெளிச்சம் தேவையைவிடப் பல மடங்காகிவிடும். ஆகவே கீழ்க்கண்டவாறு கணக்கிடுக:

1. பரப்பு 2000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர்.

2. தீனித் தொட்டி மட்டத்தில் 15 லக்ஸ் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். எனவே 186 x 15 = 2790 லூமன்.

3. திறந்த பக்கங்களாலும் தூசியாலும் வெளிச்சம் வீணாகும். பத்தில் நான்கு பங்கே கோழியை எட்டும் எனக் கொண்டால், பல்புகள் தர வேண்டியது சுமார் 7000 லூமன்.

4. 700 லூமன் பல்புகள் பத்தை, நடுவரிசையில் 10 அடிக்கு ஒன்றாக, ஏழரை அடி உயரத்தில் தொங்கவிடுக.

700 லூமனுக்கு எல்.இ.டி. 7 வாட் அளவே இழுக்கும். குண்டு பல்பு 60 வாட் இழுக்கும். பத்துப் பல்புகள் 4 மணி நேரம் எரிய முன்னதற்கு 0.28 யூனிட், பின்னதற்கு 2.4 யூனிட்.

கணக்கோடு நின்றுவிடாதீர்கள். இருட்டிய பின் லக்ஸ் மீட்டரைக் கோழியின் தலை மட்டத்தில் பிடித்து, பல்பின் கீழும், இரு பல்புகளுக்கு இடையிலும், மூலைகளிலும் அளந்து பாருங்கள். 10 லக்ஸுக்குக் குறைந்தால் முதலில் பல்பைத் துடையுங்கள். வாரம் ஒருமுறை துடைப்பது நல்லது. முட்டையிடும் காலத்தில் வெளிச்ச நேரத்தை ஒருபோதும் குறைக்கலாகாது.