புதிய ஒலிபெருக்கியும் பழகிய செவியும்

பிழைப்பு நாடிப் பிறவூர் வந்த குடும்பங்களில் தமிழ் குடிகொள்ளும் இடம் செவியே ஆகும். பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர். கடைத்தெருவில் நாமும் அதையே பேசுகிறோம். மாலையில் வீட்டில் ஒலிக்கும் பாட்டும் பேச்சுமே அவர்களுக்குத் தாய்மொழிப் பாடசாலை. ஆதலின் நல்லதோர் ஒலிபெருக்கியை விரும்புவதை வெறும் ஆடம்பரமென்று தள்ளிவிட இயலாது. ஆயினும் உயர்தரமானவற்றின் விலை இலட்சங்களைத் தொடுகிறது. போனஸ் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எதை வாங்கலாம் என வினவும் அன்பர்களுக்காக இதனை எழுதுகிறோம்.

அண்மையில் பாலக்காட்டு நண்பர் ஒருவர் இல்லத்தில், புதிதாக வந்திறங்கிய ஒரு ஜோடி ஒலிபெருக்கிகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டிற்று. இடுப்பளவு உயரமுள்ள மரப்பெட்டிகள். முதலில் ஒரு திரைப்படப் பாடல் ஒலித்தது. தரை அதிர்ந்தது, கூடியிருந்தோர் வியந்தனர். அடுத்து மிருதங்கத் தனியாவர்த்தனம். வலந்தலையின் நாதம் தெளிவாயிருந்தது. தொப்பியின் ஓசையோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிற்று.

குறை பெட்டியில் இல்லை. அதை வைத்த இடத்தில் இருந்தது. சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் கீழ்ஸ்தாயி ஒலி அளவுக்கு மீறிப் பெருகும். பெட்டிகளை ஒரு முழத்திற்குமேல் முன்னே நகர்த்தினோம். இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையுமாறு அமர்ந்தோம். வெறுந்தரையில் ஜமக்காளம் ஒன்றை விரித்தோம். இப்போது தொப்பியின் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்டது. பாடகர் இரு பெட்டிகளுக்கும் நடுவே அமர்ந்திருப்பதாகவே தோன்றிற்று. செலவோ ஒரு காசும் இல்லை!

இக்கருவியின் அடிப்படை புதியதன்று. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்ட முறையே இன்றளவும் பெரும்பாலும் கையாளப்படுகிறது. காந்தத்தின் நடுவே உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் இணைந்த கூம்புவடிவத் தகடு காற்றை அசைக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வு வரை உணரும். ஒரே தகடு இவை அனைத்தையும் செவ்வனே தருதல் அரிது. எனவே மேலொலிக்கு ஒன்றும் கீழொலிக்கு ஒன்றுமாகப் பகிர்ந்தளிப்பர்.

நாள்தோறும் ரயில் நிலையத்தில் நாம் கேட்கும் குழாய் ஒலிபெருக்கியின் நோக்கம் வேறு. இரைச்சலைக் கடந்து சொல் விளங்கினால் அதற்குப் போதும். அதில் தம்பூராவின் ஜீவனைத் தேடுதல் நியாயமன்று.

நம் மாநிலத்திலேயே, கொச்சியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் 'ரெதம்' என்னும் பெயரில் ஒலிபெருக்கிகளை வடிவமைத்து அயல்நாட்டு இசையன்பர்களிடமும் பெயர் பெற்றார். 'சாதனா', 'மார்கா' என்று தம் படைப்புகளுக்குப் பெயரிட்டார். குரலின் பரப்பைப் பல கூறுகளாக்காமல் பெரும்பாலும் ஒரே கூம்பின் வழியே தருவதும், கீழொலிக்கு மட்டும் தனி உறுப்புகளை வைப்பதும் இவற்றின் சிறப்பு.

இனி, வாங்கச் செல்வோருக்குச் சில சொற்கள். சற்று உரக்க ஒலிப்பது எதுவும் நல்லதாகவே தோன்றும். அது செவியின் இயல்பு. எனவே இரண்டை ஒப்பிடும்போது ஒரே அளவு ஒலியில் கேளுங்கள். வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டா. ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆதலால் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதே. மெல்ல ஒலிக்கும்போதும் சொல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தேவிகுளம், மூணாறு பக்கத்துத் தோட்ட லயங்களில் வாழும் அன்பர்களுக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே ஒரே சுவர் இரு குடும்பங்களுக்குப் பொது. கீழொலி சுவரைக் கடந்து, விடிந்தால் கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டியவரின் உறக்கத்தைக் கெடுக்கும். சிற்றறைக்குச் சிறு பெட்டியே தக்கது. அருகிலமர்ந்து கேட்டால் இன்பத்தில் குறைவிராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நன்கு பழகிய ஒலியை உடன் கொண்டு செல்வது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒலிவாங்கி இல்லாத கச்சேரியையே விரும்பியவர். நேரில் கேட்கும் நாதமே அளவுகோல் என்பது அதனால் நாம் கொள்ளத்தக்க பாடம். கல்பாத்தியிலோ ஊர்த் திருவிழாவிலோ நேரில் கேட்ட வாத்தியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கருவியைச் சோதியுங்கள்.

நண்பர் இல்லத்தில் இறுதியாக, மறைந்த அவர் தாயார் பாடிய தாலாட்டு ஒன்றைக் கைப்பேசிப் பதிவிலிருந்து ஒலிக்கச் செய்தனர். அதுவரை வியந்து பேசியவர் யாவரும் மௌனமாயினர். நண்பரின் மனைவி மெல்லச் சொன்னார்: "அத்தை இருமலை அடக்கிக்கொண்டுதான் பாடியிருக்கிறார்கள். இத்தனை நாள் இது காதில் விழவேயில்லை."

தரையை அதிரச் செய்யும் பெட்டிகள் பல உண்டு. நம்மவர் குரலை உள்ளவாறே நம்மிடம் சேர்ப்பது எதுவோ, அதற்கே நம் உழைப்பின் பணத்தைக் கொடுப்போமாக. அதற்கு முன்னதாக, வீட்டிலுள்ள முதியோர் குரலை இன்றே பதிந்து வைப்போமாக. கருவியைப் பிறகும் வாங்கலாம்.