கொலோனோஸ்கோபி என்றாலே பயமா? கஷ்டம் டெஸ்டில் இல்லை... முந்தைய ராத்திரியில்தான்!

"ஆசனவாய் வழியா டியூப் விடுவாங்களாமே, வலிக்குமா?" கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்ததுமே பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. கூச்சம் வேறு! ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் டெஸ்ட் முடிந்துவிடும். மயக்க ஊசி போட்டால் பலருக்கு எதுவும் நினைவிலேயே இருக்காது. ஊசி உண்டா என டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

உண்மையில் படுத்துவது, குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்துதான். ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் குமட்டல் கொஞ்சம் குறையும். பாதியில் நிறுத்தினால் குடல் சரியாகத் தெரியாது, மறுபடி முதலிலிருந்து வரவேண்டியிருக்கும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்வது அவசியம்.

பயத்தில் தள்ளிப்போடுகிறீர்களா? பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய 'பாலிப்' கட்டி தென்பட்டால், பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.