மகனின் தேர்வு முடிவைத் தந்தை கேட்கலாமா? பல்கலைக்கழகக் கோப்பும் மாணவர் உரிமையும்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளை பதிவு நாளன்று கொடுத்துவிட்டு வரும் தாள்களை அடுக்கினால் ஒரு தடித்த கோப்பு சேர்ந்துவிடும். மைகார்டு நகல், பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் அல்லது எஸ்டிபிஎம் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, தாய் தந்தையின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண், பிடிபிடிஎன் கடன் பத்திரம் என எல்லாம் அதில் இருக்கும். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் தேர்வுப் புள்ளி, வருகைப் பதிவு, கட்டண பாக்கி, ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம், ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசிய குறிப்பு என்று அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும்.

அந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாணவருக்கு உரிமை உண்டா? தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாமா? வெளியாள் யாருக்கும் காட்டப்பட்டால் கேள்வி கேட்க முடியுமா?

பகாவ் பக்கம் ஜெராம் பாடாங், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், லிங்கி, லாபு, ரந்தாவ் என நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. கவுண்டரில் சொன்னதே சட்டம் என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆனால் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

மலேசியாவில் இதற்கென உள்ள சட்டம் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சுருக்கமாக பிடிபிஏ என்பார்கள். இது 2013 நவம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு நிறுவனங்களைப் போலவே, 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. நீலாயில் இருக்கும் இன்தி, நீலாய் பல்கலைக்கழகம் போன்ற தனியார் கல்விக்கூடங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இது ஏட்டளவில் கிடக்கும் சட்டம் அல்ல. 2017 மே மாதம் இச்சட்டத்தின் கீழ் முதன்முதலாக நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டதே ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனம்தான். பதிவுச் சான்றிதழ் பெறாமல் முன்னாள் ஊழியர் ஒருவரின் தரவைக் கையாண்டது என்பது குற்றச்சாட்டு.

சேர்க்கையின்போது மாணவர் விவரங்களை எதற்காகத் திரட்டுகிறார்கள், யாரிடம் கொடுப்பார்கள் என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. அந்த அறிவிப்பு மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தமிழ் மட்டும் வாசிக்கும் பெற்றோர் கையெழுத்து போடுவதற்கு முன் பிள்ளையை உட்கார வைத்து அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

21 நாளில் பதில்

தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் அதன் நகலைப் பெறவும் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. வாய்மொழியாகக் கேட்டால் போதாது. எழுத்துமூலம் கேட்க வேண்டும். பெயர், அடையாள அட்டை எண், மாணவர் எண், படித்த ஆண்டு, எந்தப் பதிவு தேவை என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். "என் கோப்பு முழுவதும் வேண்டும்" என்று எழுதுவதைவிட, "2023 முதல் 2025 வரையிலான என் தேர்வுப் பதிவும் கட்டணப் பதிவும்" என்று எழுதினால் தேடுவது சுலபம். தட்டிக் கழிப்பதும் சிரமம்.

கட்டணத்திற்கும் உச்சவரம்பு உண்டு. சாதாரணத் தரவின் நகலுக்கு 10 வெள்ளி. நகல் வேண்டாம், தகவல் மட்டும் போதும் என்றால் 2 வெள்ளி. உடல்நலம், சமய நம்பிக்கை போன்ற உணர்வுபூர்வத் தரவின் நகலுக்கு 30 வெள்ளி. நகல் இல்லாமல் 5 வெள்ளி. இதற்கு மேல் கேட்க முடியாது.

கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கெடு முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் சொல்லி, கூடுதலாக 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் கடிதத்தில் தேதி இருப்பது முக்கியம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கட்டணம் பாக்கி இருந்தால்?

தோட்டப்புறக் குடும்பங்களை அதிகம் வாட்டும் விஷயம் இது. கடைசித் தவணை கட்டவில்லை என்றால் பட்டச் சான்றிதழை நிறுத்தி வைப்பது பல கல்விக்கூடங்களின் வழக்கம். சான்றிதழ் இல்லாமல் நல்ல வேலை கிடைப்பதில்லை. வேலை இல்லாமல் பாக்கியைக் கட்ட வழியில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டச் சான்றிதழும் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலும் கல்விக்கூடம் வழங்கும் ஆவணங்கள். அவற்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடிபிஏ சொல்லவில்லை. ஆனால் தன் தேர்வுப் பதிவில் என்ன இருக்கிறது, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டப்பட்டது என்பவை மாணவரின் தனிப்பட்ட தரவு. அதைக் கொடுக்க மறுப்பதற்கான காரணங்களை 32ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. கேட்பவர் யார் என்று உறுதிப்படுத்த முடியாதது, வேறொருவரின் விவரம் வெளியாவது, நீதிமன்ற உத்தரவை மீறுவது போன்றவை அதில் உள்ளன. கட்டண பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தப் பதிவு சான்றிதழுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனாலும் பாக்கித் தொகை சரியா, கட்டிய பணம் வரவு வைக்கப்பட்டதா என்று பார்த்து, தவணை முறையில் தீர்க்கப் பேசுவதற்கு அது கையில் இருக்க வேண்டும்.

ஒரு எழுத்துப் பிழை, பல ஆண்டு அலைச்சல்

தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயர் காகிதத்திற்குக் காகிதம் மாறியிருப்பது புதிதல்ல. அந்தக் காலத்தில் கிராணியோ பதிவதிகாரியோ காதில் விழுந்தபடி எழுதியதுதான் பெயர். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயர் அப்பாவின் அட்டையில் ஒரு விதமாகவும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருக்கும். பல்கலைக்கழகக் கணினியில் ஏறும்போது 'ஏ/எல்', 'ஏ/பி' விடுபட்டோ, தந்தை பெயரே பிள்ளையின் பெயராக மாறியோ போவதும் உண்டு. அந்தப் பிழை பட்டச் சான்றிதழில் அச்சாகிவிட்டால், வேலைக்கு மனு செய்யும்போது "இது நீங்கள்தானா" என்ற கேள்வி வரும்.

பிழையான, முழுமையற்ற, பழைய தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையை 34ஆம் பிரிவு தருகிறது. இதற்கும் 21 நாள் கெடு உண்டு. மைகார்டில் பெயர் சரியாக இருந்து பல்கலைக்கழகப் பதிவில் தவறு என்றால் நேராகப் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். மைகார்டிலேயே பிழை என்றால் முதலில் தேசியப் பதிவிலாகாவில்தான் திருத்த வேண்டும். எதுவானாலும் பட்டமளிப்பு விழா வரை காத்திராமல் முதல் பருவத்திலேயே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

முகவரியும் அப்படித்தான். தோட்டம் விற்கப்பட்டு, லயத்திலிருந்து குடும்பம் மாறிய பிறகும் பல்கலைக்கழகப் பதிவில் பழைய தோட்ட முகவரியே இருந்தால், கடிதம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பிடிபிடிஎன் கடிதமோ ஒழுங்கு விசாரணை அழைப்போ இப்படித் தவறினால் நட்டம் மாணவருக்குத்தான்.

பெற்றோர் கேட்டால்?

மலேசியச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் பெரியவர். 18க்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ பிடிபிஏ உரிமையைப் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகு அந்த உரிமை பிள்ளைக்கே சொந்தம். கட்டணம் கட்டுவது தந்தையாக இருந்தாலும், மாணவரின் சம்மதம் இல்லாமல் தேர்வு முடிவைத் தர முடியாது என்று பல்கலைக்கழகம் சொன்னால் அது அவமதிப்பு அல்ல, சட்டப்படியான பதில்.

அமெரிக்காவில் 1974 முதல் இதற்கெனத் தனிச் சட்டமே உள்ளது. அங்கும் பிள்ளை 18 வயதை அடைந்ததும் அல்லது கல்லூரியில் சேர்ந்ததும் பெற்றோரின் உரிமை மாணவருக்கு மாறிவிடுகிறது.

ரத்தம் சிந்திப் படிக்க வைத்த பெற்றோருக்கு இது கசக்கலாம். பிள்ளை தானே முன்வந்து, இன்னாருக்கு என் முடிவைத் தெரிவிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால்?

இங்குதான் ஓர் இடைவெளி இருக்கிறது. பிடிபிஏ கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. மேலும் அது வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுக்கு மட்டுமே பொருந்தும். மலாயா, புத்ரா, உப்சி போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி அமைக்கப்பட்டவை. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்திற்கு உட்பட்டவை. அதனால் தனியார் பல்கலைக்கழக மாணவரைப் போல பிடிபிஏயைக் காட்டி நேராகக் கேட்பது அங்கே எளிதல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிமுறை, தனியுரிமை அறிவிப்பு, தேர்வு மேல்முறையீட்டு நடைமுறை ஆகியவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். தகவல் அறியும் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் இயற்றப்பட்டிருந்தாலும் அவை அந்தந்த மாநில நிர்வாகத்துக்கு உரியவை.

ஆனாலும் தனியுரிமை மலேசியாவில் வெறும் சலுகை அல்ல. 2010இல் சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5ஆவது விதி உறுதிசெய்யும் தனிமனித சுதந்திரத்தில் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியிருக்கிறது.

திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாமா என்பதில் வெளிநாட்டு நீதிமன்றங்கள் ஒரு படி முன்னே போயிருக்கின்றன. 2011 ஆகஸ்ட்டில் இந்திய உச்ச நீதிமன்றம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சிபிஎஸ்இ வாரியத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. 2017 டிசம்பரில், அயர்லாந்தில் கணக்காய்வுத் தேர்வு எழுதிய ஒருவரின் வழக்கில், விடைத்தாளும் அதன் மேல் தேர்வாளர் எழுதிய குறிப்பும் தேர்வு எழுதியவரின் தனிப்பட்ட தரவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இவை மலேசியாவைக் கட்டுப்படுத்தா. ஆனால் மாணவர் கேட்பது நியாயமற்ற ஒன்றல்ல என்பதற்கு இவை சான்று.

தரவு கசிந்தால்

2024இல் பிடிபிஏ திருத்தப்பட்டு, 2025இல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளி வரை உயர்ந்தது. சிறைத்தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டு வரை ஆனது. கைரேகை, முகப்பதிவு போன்ற உடலடையாளத் தரவும் உணர்வுபூர்வத் தரவு ஆனது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். மாணவருக்குப் பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால், அதிலிருந்து 7 நாளுக்குள் அவருக்கும் சொல்ல வேண்டும்.

எஸ்பிஎம் முடிவு வந்ததும் எண் கொடுக்காத கல்லூரி முகவர்கள் அழைப்பது பலருக்கும் தெரிந்த கதை. விளம்பரத்துக்குத் தன் தரவைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் தடுக்க 43ஆம் பிரிவு இடம் தருகிறது. நிறுவனத்தின் சம்மதமின்றி அதன் கையில் உள்ள தரவை எடுத்து விற்பது 130ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம்; 5 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கோயில், சங்கம் கொடுக்கும் கல்வி நிதி

வணிக நோக்கமில்லாத பொது அமைப்புகளிடம் பிடிபிஏயைக் காட்டி உரிமை கோருவது கடினம். கல்வி நிதிக்கு மனு செய்யும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தேர்வு முடிவு எல்லாவற்றின் நகலும் கமிட்டிக்காரர்களின் கைத்தொலைபேசியில் போய்ச் சேர்கின்றன. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நெகிரி செம்பிலானுக்கு 05. ஏமாற்றுக்காரனுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

நகலின் குறுக்கே "இந்தக் கல்வி நிதி மனுவுக்கு மட்டும்" என்று தேதியோடு மலாயில் எழுதிக் கொடுப்பது எளிய பாதுகாப்பு. நிதி கொடுக்கும் அமைப்புகளும் வெற்றி பெற்றவர்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடும்போது அடையாள அட்டை எண்ணை நீக்கிவிடலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேட்டும் பதில் வராவிட்டால், முத்திரை பெற்ற கடித நகலுடன் புத்ராஜெயாவில் உள்ள தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம். தனியார் கல்விக்கூடத்தின் மற்ற பிரச்சினைகளுக்கு உயர்கல்வி அமைச்சு இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, "எழுதிக் கேட்டீர்களா, எப்போது?" என்பதுதான். அதற்குக் காட்ட தேதி போட்ட ஒரு காகிதம் வீட்டில் இருக்க வேண்டும்.