உருமாற்றமும் உடைமையும்: 'மூன் கோல்ட்' நாவல் பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இலக்கியத்தை ஆய்வுக்குத் தகாததென ஒதுக்கும் மனோபாவம் முற்போக்கு விமர்சகரிடையேயும் காணப்படுகின்றது. பெருந்தொகையானோர் விரும்பிப் படிக்கும் ஒரு நூல் அவர்களது எந்தத் தேவையை நிறைவு செய்கின்றது என்ற வினாவை இம்மனோபாவம் எழவிடுவதில்லை. அவ்வினாவை எழுப்புதற்கு, அமெரிக்க எழுத்தாளர் பற்றீசியா பிறிக்ஸ் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மூன் கோல்ட்' நாவல் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இது நகர்ப்புற அதிபுனைவு என்னும் வகையைச் சேர்ந்தது. பழைய மாயக்கதைகளின் மாந்தரைச் சமகால நகரத்தின் தெருக்களில் நடமாட விடுவது இவ்வகையின் இயல்பு. 1980களில் தனி வகையாக உருப்பெற்ற இது, 2000க்குப் பின்னர் பெண்ணை மையமாகக் கொண்ட தொடர் நாவல்களாகப் பெருகியது.

நாவலின் களம் வொஷிங்டன் மாநிலத்தின் கிழக்கிலுள்ள றிச்லண்ட், கெனவிக், பாஸ்கோ என்னும் மூன்று நகரங்கள். நாகசாகிக் குண்டுக்கான புளூட்டோனியத்தை உற்பத்தி செய்த ஹான்போர்ட் வளாகம் இவற்றின் அருகிலேயே உள்ளது. 1943இல் அவ்வளாகத்துக்காக அங்கு வாழ்ந்த வனபம் பூர்வகுடியினரும் குடியேற்ற விவசாயிகளும் வெளியேற்றப்பட்டனர். இந்நகரங்களின் நவீன வளர்ச்சி அவ்வெளியேற்றத்தோடு தொடங்கியது எனலாம்.

கதாநாயகி மேர்சி தொம்சன் மோட்டார் வாகனங்களைத் திருத்தும் கராஜ் ஒன்றின் சொந்தக்காரி. நினைத்தபோது கொயோட்டி எனும் வட அமெரிக்க நரியினமாக மாறவல்லவள். அவ்வாற்றல், அவள் ஒருபோதும் கண்டிராத பூர்வகுடித் தந்தையிடமிருந்து கிடைத்தது. அவளை வளர்த்தவர்களோ மொன்றானாவின் ஓநாய்மனிதர். அவர்களது கூட்டத்தில் பெண்ணின் தகுதி அவளது துணைவனின் தகுதியாலேயே நிர்ணயிக்கப்படும். ஓநாய்ப்பெண்கள் கருவைச் சுமந்து பெற முடியாதவர்கள். ஆகவே மேர்சியின் கருவளம் அங்கு பெறுமதி பெறுகின்றது. தன்னை மணக்க விரும்பியவன் இதன்பொருட்டே விரும்பினான் என அறிந்ததும், பதினாறு வயதில் அவள் வெளியேறுகின்றாள்.

அவளது சுதந்திரத்துக்கு ஆதாரம் எது? உருமாறும் ஆற்றல் என்பதே மேலோட்டமான விடை. ஆயின் கொயோட்டி ஓநாயிலும் வலிமை குறைந்தது. உண்மையில் அவளை நிலைநிறுத்துவது கராஜும், அங்கு உழைக்கும் அவளது கைகளுமே. பெண்ணின் சுயாதீனத்துக்குப் பொருளாதார அடித்தளம் வேண்டும் என்பதை இந்நாவல் உணர்ந்துள்ளது. அதன் வலிமையும் கவர்ச்சியும் இதுவே.

எல்லை எங்குள்ளது என்பதை நாவலின் தொடக்க நிகழ்ச்சியே காட்டிவிடுகின்றது. வேலை கேட்டு மக் என்னும் இளைஞன் அவளது கராஜுக்கு வருகின்றான். அவனும் ஓநாய்மனிதனே. அவனது தலைவன் மருந்துப் பரிசோதனைக்காக அவனை விற்றுவிட்டான் என்பது தெரியவருகின்றது. விரைவிலேயே அவன் கொல்லப்பட்டு, சடலம் மேர்சியின் வீட்டு வாசலில் போடப்படுகின்றது. உடைமையுள்ளவள் தப்பிப் பிழைக்கின்றாள். உடலைத் தவிர வேறெதுவுமற்றவனின் உடல் பண்டமாகின்றது. வர்க்க சமூகத்தின் உண்மை மாயக்கதையின் போர்வையினூடாக இங்கு வெளிப்பட்டுவிடுகின்றது.

ஆனால் அவ்வுண்மை எழுப்பும் வினாவை நாவல் பின்தொடர்வதில்லை. தீய தலைவன் தண்டிக்கப்பட, நல்ல தலைவனின் ஆட்சி உறுதிப்படுகின்றது. விற்கும் அதிகாரத்தைத் தலைவனுக்கு அளித்த படிநிலை அவ்வாறே எஞ்சுகின்றது. மேர்சியைத் தன் துணைவி என அவளைக் கேளாமலே கூட்டத்தின் முன் அறிவித்த அயல்வீட்டுத் தலைவனும் காதலுக்குரியவனாகவே நிற்கின்றான்.

சிற்றுடைமையாளரின் சுதந்திரக் கனவு இவ்வளவுதான் செல்ல வல்லது. தனியொருத்திக்கு அது கதவைத் திறக்கின்றது. மக்கைப் போன்றோருக்கு மேலும் நல்லதோர் எசமானையே வாக்களிக்கின்றது. எனினும் அக்கனவை எள்ளி நகையாடுதல் நமது பணியன்று. தன் உழைப்பில், தன் பெயரில் வாழ விரும்பும் பெண்ணின் வேட்கை நியாயமானது. அவ்வேட்கை மக்கின் விடுதலையோடு இணையாதவரை முழுமை பெறாது என்பதை எடுத்துக்காட்டுவதே விமர்சனத்தின் கடனாகும்.