கல்லீரலுக்குள் ஒரு குறுக்குவழி: எட்டு மில்லிமீட்டரா, பத்தா?

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயில் உறுப்பு தழும்பேறி இறுகிவிடுவதால், குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடிப்பதும் வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் நேர்கின்றன. மருந்துக்கும் எண்டோஸ்கோப்பி சிகிச்சைக்கும் இவை கட்டுப்படாதபோது, கழுத்துச் சிரை வழியே ஊசியைச் செலுத்தி, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையைக் கல்லீரல் சிரையோடு இணைத்து, அத்தடம் மூடாதபடி ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். 'டிப்ஸ்' எனப்படும் இச்சிகிச்சையின் பலன் மருத்துவரின் கைத்திறனைப் போலவே அவர் தேர்ந்தெடுக்கும் குழாயையும் பொறுத்தது.

1969இல் யோசெஃப் ரோஷ் நாய்களில் செய்துகாட்டிய இம்முறை, 1988இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் உலோக ஸ்டென்டுடன் மனிதருக்குச் செய்யப்பட்டது. அக்கால ஸ்டென்டுகள் வெறும் கம்பிவலைகளாக இருந்தமையால், வலைக்கண்களின் வழியே திசு உள்ளே வளர்ந்து தடத்தை அடைத்தது. ஊடுருவ முடியாத பி.டி.எஃப்.இ. படலத்தால் உறையிட்ட ஸ்டென்டுகள் வந்த பின்னரே இது மாறியது. 80 நோயாளிகளைக் கொண்டு 2004இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வெற்று ஸ்டென்டுகளில் 44 விழுக்காடு செயல்குன்ற, உறையிட்டவற்றில் அது 13 விழுக்காடாகவே இருந்தது. ஆகவே இன்று வெற்று ஸ்டென்டைத் தேர்வதற்கு மருத்துவ நியாயம் அரிதாகவே உண்டு.

இதற்கெனவே வடிவமைக்கப்பட்ட வியாட்டோர் ஸ்டென்டில், போர்ட்டல் சிரைக்குள் நிற்கும் 2 சென்டிமீட்டர், கல்லீரலுக்குச் செல்லும் மற்றக் கிளைகளை மறிக்காதபடி உறையின்றி விடப்பட்டுள்ளது; உறை தொடங்கும் இடத்தை எக்ஸ்ரே திரையில் காட்டுவது ஒரு பொன் வளையம். உறைப்பகுதி கல்லீரல் சிரை பெருஞ்சிரையோடு சேருமிடம் வரை எட்டாவிட்டால் அங்கே சுருக்கம் விழும். அளவுமீறி நீண்டுவிட்டாலோ பிற்காலக் கல்லீரல் மாற்று அறுவை சிக்கலாகும்.

நீளத்தைவிடக் கடினமான முடிவு விட்டம் பற்றியது. ஒரே அழுத்தத்தில், 10 மில்லிமீட்டர் குழாய் 8 மில்லிமீட்டர் குழாயைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இரத்தத்தைக் கடத்தவல்லது என்பது பாய்மவியல் கணக்கு. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 12 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இறங்கினால் புடைத்த சிரைகள் மீண்டும் கசிவது பெரிதும் குறையும். ஆனால் மிகுதியான இரத்தம் கல்லீரலைத் தவிர்த்து ஓடினால், அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையை அடைந்து மனக்குழப்பத்தை உண்டாக்கும். 2010இல் வெளியான இத்தாலிய ஆய்வு 8 மில்லிமீட்டர் போதவில்லை என்றது. 2017இல் வெளியான சீன ஆய்வோ, 8 மில்லிமீட்டர் குழாயில் மீள்கசிவு கூடாமலே மனக்குழப்பம் குறைந்ததாகக் கண்டது. எனவே, பலூனால் 8 முதல் 10 வரை விரிக்கத்தக்க ஸ்டென்டைப் பொருத்தி, முதலில் எட்டில் நிறுத்தி, அழுத்தத்தை அளந்தபின் தேவையானால் மட்டும் விரிப்பதே பெரும்பாலும் விவேகமானது. ஏனெனில் பின்னர் குழாயைச் சுருக்க, அதற்குள் மற்றொரு ஸ்டென்ட் வைக்க நேரிடும்.

சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தார் குழாயின் விட்டத்தையும் இறுதி அழுத்த அளவையும் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்வதோடு, உறக்கம் பகலுக்கு மாறுதல், கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.